ஆறாம் மாதிரிக் கைத்துப்பாக்கி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. முந்திய யுத்தத்தில் மெசபடோமியா வரை போய்த் திரும்பிய ஒரு சுபேதார், தம்முடைய சீமை ரிவால்வரை மணமேல்குடி இரும்புப் பட்டறை முதலாளியிடம் காட்டினார்.

2. முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு, நம்மளே செய்யலாமே" என்றார்.

3. அதைப் படமாக வரைந்து கொடுக்க என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

4. ரிவால்வர் பிரிக்கப்பட்டது. பிரித்தவர் முதலாளியின் மாப்பிள்ளை. திரும்பச் சேர்த்தவர் அவர் அல்ல.

5. ஐந்து மாதிரிகள் செய்யப்பட்டன. ஒன்றும் சுடவில்லை. அவற்றில் இரண்டைச் சுட்டுப் பார்க்கவே இல்லை. ஆகையால் அவை வெற்றி என்று கொள்ளப்பட்டன.

6. ஆறாம் மாதிரியை விஜயதசமி அன்று எல்லோர் முன்னிலையிலும் சுட்டுக் காட்டுவது என்றும், சுடுவது லேத்துக்காரர் என்றும் முடிவாயிற்று.

7. நான் அதைத் தொட்டேன்.

ஏழாவதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பது பட்டறையின் முடிவு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாட்டைக் காப்பாற்றுவதற்கென்று தொடங்கிய காரியத்தில் கடைசியில் காப்பாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு வலது கையை. அந்தக் கை லேத்துக்காரருடையது. அதை நம்பி ஒரு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்தாவது வயிற்றில் இருந்தது.

அந்த வருஷம் கடற்கரை முழுவதும் ஒரே பேச்சு: ஜப்பான்காரன் வருகிறான். பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் சொன்ன கதைகள் அறந்தாங்கி பஸ்ஸில் ஏறி எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது இரண்டு மடங்கு ஆகியிருக்கும். வருவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்தக் கரையில் இறங்குவான் என்பதில்தான் கருத்து வேறுபாடு. கோட்டைப்பட்டினத்துக்காரர்கள் கோட்டைப்பட்டினம் என்றார்கள். கட்டுமாவடிக்காரர்கள் கட்டுமாவடி என்றார்கள். தங்கள் ஊரை எதிரி ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்று நினைக்க எவருக்கும் மனம் வரவில்லை. அங்கே கடல் வெகுதூரம் இடுப்பளவு ஆழந்தான், பெரிய கப்பல் எதுவும் கரையை நெருங்க முடியாது என்பதை ஒருவரும் எதிரியின் கணக்கில் சேர்க்கவில்லை.

கரையைக் காக்க ஒரு தொண்டர் படை திரட்டினார்கள். ஆளுக்கு ஒரு மூங்கில் கம்பு, ஒரு விசில். படைக்குத் தலைவர் எங்கள் பட்டறை முதலாளி. அவருடைய பட்டறையில் அதுவரை செய்துவந்தவை நங்கூரம், வண்டி அச்சு, செக்குக்கு வேண்டிய இரும்புச் சாமான்கள். படைத்தலைவர் ஆன பிறகு கம்பு அவருக்குக் குறைவாகப் பட்டது. தம் படைக்கென்று ஒரு கைத்துப்பாக்கி வேண்டும், அதைத் தம் பட்டறையே செய்ய வேண்டும், பிறகு சர்க்காரே வந்து வாங்க வேண்டும் என்று நினைத்தார். அனுமதி கேட்டு ஓர் அதிகாரியைப் போய்ப் பார்த்தார். அதிகாரி, "மாதிரி ஒன்று செய்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். மனிதர்களை அறையை விட்டு வெளியே அனுப்ப அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் அது. முதலாளி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

நான் அந்தச் சமயத்தில் திருச்சியில் ஒரு தொழிற்பள்ளியில் இயந்திர வரைபடப் பயிற்சி முடித்துவிட்டு மணமேல்குடியில் என் சித்தி வீட்டில் இருந்தேன். அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் காலியான பெஞ்சுகளில் எங்களைப் போன்ற சில பெண்களை உட்கார வைத்தார்கள். முதலாளியும் ஆண் படக்காரர் யாரும் கிடைக்காததால்தான் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, படம் போடுவியாமே?"

"போடுவேன், முதலாளி."

"கோலம் மாதிரி சுத்தமா வருமா?"

"கோலம் வளைஞ்சு வரும். இது நேரா வரும்."

"பட்டறையில ஆம்பளைங்க இருப்பாங்க. பேச்சுவார்த்தை கண்டபடி இருக்கும்."

"திருச்சியிலயும் இருந்தாங்க, முதலாளி. அவங்க பேசுனதுல பாதி தப்புத் தப்பான அளவு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலை கிடைத்தது.

கைத்துப்பாக்கி எப்படிப் பிறந்தது என்று பள்ளியில் ஒரு பாடம் இருந்தது. குதிரைமேல் போகிறவனுக்கு ஒரு கை கடிவாளத்துக்கு வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு கையால் சுடத்தக்க துப்பாக்கி வேண்டும் என்பதால் அது உண்டாயிற்று. பிறகு ஒரு குண்டு போதாது என்று பல குழல்களை ஒன்றாகக் கட்டிப் பார்த்தார்கள். கனம் தாங்காமல் அதை விட்டுவிட்டு, குழல் ஒன்றாகவே இருக்கட்டும், தோட்டாக்கள் இருக்கும் உருளை சுழன்று வரட்டும் என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் ரிவால்வர். இங்கிலீஷ்காரர்கள் தங்கள் பட்டாளத்து ரிவால்வரை ஒன்றாம் மாதிரியிலிருந்து ஆறாம் மாதிரி வரை கொண்டுவர ஏறத்தாழ முப்பது வருஷம் எடுத்துக்கொண்டார்கள். சுட்டுப் பார்ப்பது, உடைவதைத் திருத்துவது, மறுபடி சுடுவது என்று ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு காரணம் இருந்தது. நாங்கள் ஒன்றிலிருந்து ஆறுக்குச் சித்திரையில் புறப்பட்டுப் புரட்டாசியில் போய்ச் சேர்ந்துவிட்டோம். சுட்டுப் பார்க்கும் வேலையைக் குறைத்துக்கொண்டால் இவ்வளவு வேகம் சாத்தியம்.

எங்கள் படைக்குக் குதிரை கிடையாது என்பதை நான் முதல் நாளே சொன்னேன். முதலாளி, "வரும்" என்றார்.

ஒன்றாம் மாதிரியில் சுழலும் உருளை இல்லை. அது வெள்ளைக்காரன் ஆடம்பரத்துக்கு வைத்தது என்பது முதலாளியின் கருத்து. "ஒரு எதிரிக்கு ஒரு குண்டு போதாதா?" என்றார். எதிரிகள் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். துப்பாக்கியின் குதிரையை, அதாவது விசையை, அழுத்தினால் சுத்தி விழுந்தது. விழுந்து தோட்டாவைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. பூட்டிலிருந்து எடுத்த மெல்லிய சுருள் வில்லைத்தான் அதில் வைத்திருந்தார்கள்.

இரண்டாம் மாதிரியில் உருளை வந்தது. சுழன்றது. ஆனால் குழலுக்கு நேராக நிற்க வேண்டிய துளை, அதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நின்றது. லேத்துக்காரர் அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது மாதாகோயில் திருநா ராட்டினம். எவன் எங்க எறங்குவான்னு ஆண்டவனுக்கே தெரியாது."

அவர் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரும்பு கடைய பட்டறையில் இருந்த ஒரே லேத்து அவர் கையில் இருந்தது. அவர் பெரிய மேதை ஒன்றும் அல்ல. நான் படத்தில் குறித்த அளவுகளை "ஏறக்குறைய" என்ற சொல்லோடு சேர்த்தே படிப்பார். ஆனால் செய்தது தவறு என்றால் தவறு என்று ஒப்புக்கொள்வார். அந்தப் பட்டறையில் இது அவர் ஒருவருக்கே உரிய குணம்.

மூன்றாம் மாதிரி சுபேதாரின் யோசனைப்படி கனமாக்கப்பட்டது. சுடாவிட்டாலும் எதிரியின் மண்டையில் அடிக்கப் பயன்படும் என்றார். நான்காம் மாதிரியில், கயிறு கோத்துத் தோளில் மாட்டிக்கொள்ளப் பிடியின் அடியில் ஒரு வளையம் வைத்தோம். பட்டாளத்துத் துப்பாக்கி என்றால் அந்த வளையம் இருந்தே ஆக வேண்டும் என்று சுபேதார் பிடிவாதமாக இருந்தார். ஆறு மாதிரிகளிலும் முதல் தடவையிலேயே சரியாக அமைந்த உறுப்பு அந்த வளையந்தான். ஐந்தாம் மாதிரியில் மாப்பிள்ளை புகுந்தார். மாமனார் பெயரை உருளையின்மேல் ஆழமாகச் செதுக்க வேண்டும் என்றார். உருளையில் இரும்பு எங்கே மிகவும் மெலிந்திருக்கிறதோ, அந்த இடத்தில்தான் பெயர் நன்றாகத் தெரியும் என்றார். அங்கே செதுக்கக் கூடாது என்று சொன்னேன்.

"ஏன்?"

"தோட்டா வெடிக்கறப்ப அழுத்தம் முழுக்க அங்கதான் விழும். தோலை உரிச்சு விட்ட மாதிரி ஆயிரும்."

"மாமா பேருக்கு அந்த மருவாதகூட இல்லையா?" என்று கேட்டார். மரியாதையை எந்த அளவுகோலால் அளப்பது என்று எங்கள் பள்ளியில் சொல்லித் தரவில்லை.

படத்தின் வலது மூலையில் வடிவமைத்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. ஐந்து மாதிரிகளுக்கும் அதில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். ஒரு பெண் பெயர் இருந்தால் சர்க்கார் சிரிக்கும் என்று முதலாளி எனக்கு விளக்கினார். அவர் அன்பாகத்தான் சொன்னார்.

ஆறாம் மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியது: இரண்டின் உருளை, மூன்றின் கனம், நான்கின் வளையம், ஐந்தின் பெயர். புதிதாக ஒன்றே ஒன்று. குழலின் நுனி ஒல்லியாக இருந்தால்தான் சீமைத் துப்பாக்கி மாதிரி இருக்கும் என்று மாப்பிள்ளை சொல்ல, நுனியைப் பென்சில் சீவுவதுபோல் சீவி மெலிதாக்கினார்கள். இரும்பு, அறந்தாங்கி போகும் வழியில் முறிந்த ஒரு பஸ்ஸின் அச்சு. பஸ்ஸையே தாங்கிய இரும்பு என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். அது தாங்காமல் முறிந்ததால்தான் பட்டறைக்கு வந்தது என்பதை நான் நினைவூட்டினேன்.

உருளை இப்போது குழலுக்கு நேராக நின்றது, சுத்தியும் ஓங்கி விழுந்தது; இந்த மாதிரி நிஜமாகவே சுடும் என்று எனக்குத் தோன்றியது. பயமும் அப்போதுதான் வந்தது. சுடாத துப்பாக்கியால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆகையால் முதலாளியிடம் போய் மூன்று காரியங்கள் கேட்டேன். தோட்டாக்கள் முந்திய யுத்தத்துப் பழசு, அவற்றை மாற்ற வேண்டும். பெயர் செதுக்கி மெலிந்த அந்த உருளைக்குப் பதில், பெயர் இல்லாமல் புதிது செய்ய வேண்டும். முதல் தடவை சுடும்போது யாரும் கையில் பிடிக்கக் கூடாது. ஒரு முளையில் இறுகக் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றால் குதிரையை இழுக்க வேண்டும். எந்த நாட்டிலும் புதுத் துப்பாக்கியை அப்படித்தான் சோதிப்பார்கள்.

சுபேதார் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கட்டிப்போட்டுச் சுடறதா? எதிரி வந்தா, கொஞ்சம் பொறுங்க தொரை, மரம் பாத்துக் கட்டிக்கிறோம்னு சொல்லச் சொல்றியா?" என்றார்.

முதலாளி, "ஆயுதத்தக் கட்டிப் போட்டா அதுக்கு அவமானம்மா. கருப்பர் அருவாளை யாராச்சும் கயித்துல கட்டுவாங்களா?" என்றார்.

"அப்ப யாரு பிடிச்சுச் சுடறது, முதலாளி?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. விஜயதசமியில் முதல் கை முதலாளி கையாக இருப்பதுதான் முறை. முதலாளி தம் கையைப் பார்த்தார்.

"எனக்குச் சாதகத்துல இப்ப நேரம் சரியில்ல. சோசியர் இரும்பு, நெருப்பு ரெண்டும் ஆகாதுன்னுட்டார்" என்றார். இரும்புப் பட்டறையில், உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

சுபேதாருக்கு வலது தோளில் வாயு. மெசபடோமியாவில் பிடித்தது. மாப்பிள்ளைக்கு மனைவி முழுகாமல் இருந்தாள். அந்தச் சமயத்தில் கணவன் ஆயுதம் எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அவருடைய மாமியார் சொல்லியிருந்தாராம்.

லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "எம் பொண்டாட்டியுந்தான் முழுகாம இருக்கா."

"அது ஒனக்கு வருசா வருசம் நடக்கறதுதானே" என்றார் மாப்பிள்ளை.

முதலாளிக்கு முகம் தெளிந்தது. "ஏண்டாப்பா, நீ வேதக்காரனாச்சே. ஒனக்கு நேரம் காலம் கெடையாது, சாதகம் கெடையாது, தீட்டு தோசம் எதுவும் ஒட்டாது. நீயே சுட்டுப்புடு."

"ஒட்டாது முதலாளி. இரும்பு தெறிச்சா ஒட்டுமே."

"கர்த்தர் பாத்துக்குவார்" என்றார் முதலாளி. அவர் கர்த்தரை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைத்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: சொன்னால் மறுநாள் லேத்தில் வேறு ஆள் நிற்பான் என்று அன்று மாலையே அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு லேத்து வேண்டுமென்றால் அவர் குடும்பத்தோடு அறந்தாங்கிக்கு அப்பால் போக வேண்டும். கைக்கும் வேலைக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த வேலையைக் கை இல்லாமல் செய்ய முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

சரஸ்வதி பூஜை அன்று மாலை ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, சம்மட்டி, அரம், துருத்தி, லேத்து எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் ஆறாம் மாதிரி. லேத்துக்காரர் வழக்கம்போல் வாசலுக்கு வெளியே நின்று பொரிகடலைக்காகக் காத்திருந்தார். நான் பெண்கள் பக்கம் நின்றேன்.

மற்றச் சாமான்களுக்கெல்லாம் பொட்டு எங்கே வைப்பது என்று தெரியும். துப்பாக்கிக்குத் தெரியவில்லை. சிறிது யோசித்தார்கள். பிறகு முதலாளி, கருப்பர் கோயிலில் அரிவாள் முனையில் எலுமிச்சம்பழம் குத்தி வைப்பது நினைவுக்கு வந்ததும், நல்ல பழமாக ஒன்றை எடுத்துச் சந்தனம் பூசிக் குழலின் நுனியில் குத்தினார். நுனியை மெலிதாகச் சீவியிருந்ததால் பழம் இலகுவாக ஏறியது. எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை, பசி.

மறுநாள் காலை விஜயதசமி. தொண்டர் படை கம்புகளோடு வரிசையாக நின்றது. "பிறகு பார்க்கலாம்" என்று சொன்ன அதிகாரி வரவில்லை. தம் குமாஸ்தாவை அனுப்பியிருந்தார். அவருக்கு அந்தத் தெருவிலிருந்த ஒரே சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். குழல் நுனியிலிருந்து பழத்தைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். அது உருண்டு வந்து பெண்கள் பக்கம் நின்றது.

அதைப் பார்த்தேன். பழத்தில் ஒரு துளை, வட்டமாக, வெட்டிரும்பால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது. குத்தினால் பழம் நசுங்கிப் பிளந்திருக்கும். இது பிளக்கவில்லை. துளைக்குள் இருந்த சதை பழத்திலும் இல்லை, தாம்பாளத்திலும் இல்லை, தரையிலும் இல்லை. அது இருக்கக்கூடிய இடம் இன்னும் ஒன்றுதான்.

முதலாளியிடம் போய் மெதுவாகச் சொன்னேன்: "முதலாளி, குழாய்க்குள்ள எலுமிச்சம்பழத் துண்டு அடைச்சிருக்கு. அதோட சுட்டா வெடிச்சிரும். ஒரு கம்பிய விட்டுத் தள்ளிட்டுச் சுடச் சொல்லுங்க."

"பூசை போட்ட ஆயுதத்துல கம்பியை விட்டுக் குத்தறதா? என்னம்மா பேசறே."

"அடைப்பு இருந்தா புகைக்குப் போக வழி இருக்காது."

"சாமிக்கு வச்ச பழம்மா அது. அது எப்படி எடைஞ்சல் பண்ணும்?"

சுபேதார் காதில் விழுந்துவிட்டது. "குண்டு எதிரியவே தொளைக்கும். ஒரு எலுமிச்சம்பழத்தத் தொளைக்காதா?"

"எதிரி குழாய்க்குள்ள ஒக்காந்திருக்க மாட்டாரே, ஐயா" என்றேன்.

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி பஞ்சாங்கக்காரர் சொன்ன நல்ல நேரத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். லேத்துக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"என்ன தங்கச்சி, சுட்டா என்ன ஆகும்?"

"நல்ல இரும்பா இருந்தா நுனி மட்டும் விரியும், அண்ணே."

"நல்ல இரும்பா இல்லாட்டி?"

அந்த அச்சைத் தம் கையாலேயே கடைந்தவருக்கு நான் என்ன சொல்வது? அவர் வலது கையை வேட்டியில் ஒரு தடவை துடைத்துக்கொண்டு தாம்பாளத்தை நோக்கிப் போனார்.

என்னிடம் இருந்த நியாயங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அளவு, அழுத்தம், இரும்பின் தரம் எல்லாவற்றையும் ஐந்து மாதமாகச் சொல்லி முடித்திருந்தேன். ஒன்றும் யார் காதிலும் ஏறவில்லை. அந்த முற்றத்தில் எல்லோரும் ஒரே நொடியில் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு காரணம் மட்டும் மிச்சம் இருந்தது. எந்தத் தொழிற்பள்ளியிலும் அதைச் சொல்லித் தருவதில்லை.

நான் அவருக்கு முன்னால் நடந்து போய்த் தாம்பாளத்திலிருந்த கைத்துப்பாக்கியை இரண்டு கைகளாலும் எடுத்தேன். உள்ளே தோட்டா இன்னும் போடவில்லை. முதலாளியைப் பார்த்து, "முதலாளி, நான் இன்னைக்கு வீட்டுக்குத் தூரம்" என்றேன்.

ஜப்பான்காரன் வந்து இறங்கியிருந்தாலும் தொண்டர் படை அவ்வளவு வேகமாகப் பின்வாங்கியிருக்காது. மாப்பிள்ளை தாம்பாளத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார். குமாஸ்தா, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அதைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். முதலாளியின் மனைவி உள்ளே ஓடி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார். யார்மேல் தெளிப்பது என்று தெரியாமல் பொதுவாகத் தெளித்தார்.

"ஏம்மா, இதெல்லாம் முன்னாடியே சொல்ல வேணாமா?" என்றார் முதலாளி. குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

"யாரும் கேக்கலையே."

பிறகு விவாதம் நடந்தது. பட்டாளத்தில் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்றார் சுபேதார். "ஒங்க பட்டாளத்துல பொம்பளை இல்ல, எப்படிப் பாப்பீக" என்றார் முதலாளி. நெருப்புக்குத் தீட்டு இல்லை, உலையில் போட்டுப் பழுக்கக் காய்ச்சி எடுத்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. ஆறு மாதிரிகளின் வளர்ச்சியில் இரும்பைக் காய்ச்சிப் பதப்படுத்துவது பற்றி எவரும் பேசியது அப்போதுதான், அதுவும் தவறான முறையில். நல்ல நேரம் இதற்குள் முடிந்துவிட்டது. குமாஸ்தா மோர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் முதலாளி திண்டாடினார். தீட்டுப்பட்ட சாமானை வீட்டிலும் வைக்க முடியாது, சும்மா தூக்கிப் போடவும் மனம் இல்லை. கடைசியில் லேத்துக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "நீ தொடலாம். அந்தப் புள்ள சொன்ன மாதிரி எங்கயாச்சும் கட்டிப் போட்டுச் சுட்டுப் பாரு. இனி அதுக்கென்ன அவமானம்."

இப்படியாகச் சோதிக்கும் முறை ஏற்கப்பட்டது. பூஜை போட்ட ஆயுதத்துக்குக் கூடாதது, தீட்டுப்பட்ட ஆயுதத்துக்குத் தாராளமாகக் கூடும்.

லேத்துக்காரர் முதலில் உருளையைக் கழற்றிவிட்டு, ஒரு கம்பியை எடுத்துக் குழலுக்குள் விட்டுத் தள்ளினார். பின்பக்கமாக ஒரு துண்டு வந்து விழுந்தது: எலுமிச்சம்பழச் சதையும் காய்ந்த சந்தனமும் சேர்ந்து, தக்கைபோல் கெட்டியாக. அதை உள்ளங்கையில் வைத்து முதலாளியிடம் நீட்டினார்.

"பெரசாதத்தக் கீழ போட்டுடாத" என்றார் முதலாளி.

பட்டறைக்குப் பின்னால் வெட்டிய பனை ஒன்றின் அடிக்கட்டை இருந்தது. தோட்டா போட்டு, அதில் துப்பாக்கியை இறுகக் கட்டினோம். குதிரையில் கயிறு கட்டி, கருவாடு காயப்போடும் வெளியைத் தாண்டி, ஓடுகள் அடுக்கியிருந்த குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். லேத்துக்காரர் சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

அது சுட்டது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆறாம் மாதிரி, முதல் முறையாக, சுட்டது. கூடவே வெடித்தது. போய்ப் பார்த்தபோது உருளை முதலாளி பெயரின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பிளந்து திறந்திருந்தது. உருளைக்கு மேலே ஓடும் இரும்புப் பட்டை வானத்தைப் பார்த்து வளைந்திருந்தது. பிடி இருந்த இடத்தில், ஒரு மனிதனுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்திருக்க வேண்டிய இடத்தில், பனைக்குள் ஒரு குழி.

குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டுத்தானே சுட்டோம்? அதை எடுத்தும் வெடித்தது. ஆகவே பழத்தின்மேல் குற்றமில்லை. பழைய தோட்டாவும், முறிந்த அச்சும், செதுக்கிய பெயருமே போதுமானவையாக இருந்தன. அந்தப் பழம் இல்லாவிட்டாலும் கை போயிருக்கும். ஆபத்தை என் கண்ணில் காட்டி, என்னைத் துப்பாக்கியைத் தொட வைத்ததுதான் பழம் செய்த ஒரே உபகாரம்.

லேத்துக்காரர் அந்தக் குழியில் தம் கையை வைத்து அளந்து பார்த்தார். பிறகு திரும்பி, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "தங்கச்சி, நெசமாவா?" என்றார்.

"எது, அண்ணே?"

"அதான்... அந்தத் தூரம்."

"இந்தக் கேள்வியை எந்த ஆம்பளையும் வாய்விட்டுக் கேக்க மாட்டாங்கன்னுதான் அதைச் சொன்னேன். நீங்க கேட்டுட்டீங்க."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு அங்கிட்டுத் திரும்பிவிட்டார். தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

பட்டறையின் ஆராய்ச்சி முடிவை மாப்பிள்ளை எழுதினார். இரும்பு குற்றமற்றது. தோட்டா குற்றமற்றது. வடிவம் குற்றமற்றது. பூஜை முடிந்த ஆயுதத்தை, தொடக் கூடாத நாளில் தொடக் கூடாதவர் தொட்டதால் அது வெடித்தது. இப்படி எழுதியவர், ஆறாம் மாதிரிப் படத்தின் மூலையிலிருந்த கட்டத்தில் தம் கையெழுத்தை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருந்தார். வடிவம் குற்றமற்றது என்று அவரே சொல்லியிருக்கும்போது பெயரை ஏன் மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் மை உலர ஊதிக்கொண்டிருந்தார். நான் வரைந்த ஆறு படங்களில் என் பெயர் ஏறியது அந்த ஒன்றில்தான்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. வாசலில் நிற்க வைத்துப் பேசினார்.

"ஒன்னையக் குத்தம் சொல்லலம்மா. ஆனா இது ஆயுதத் தொழில். பொண்ணு ஆகாது."

"நங்கூரத்துக்கு ஆகுமா, முதலாளி?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "கடலுக்குப் போற சாமான். அதுவும் ஆகாது" என்றார்.

சித்தி வீட்டில் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. அப்படி ஒரு சொல்லை ஊர் முற்றத்தில், ஆண்கள் முன்னால் சொன்னவளுக்கு எந்த மாப்பிள்ளை வருவான் என்று சித்தப்பா கவலைப்பட்டார். ஒரு மாப்பிள்ளையைப் பக்கத்திலிருந்து ஐந்து மாதம் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. எங்கள் கரையில் எதிரி யாரும் இறங்கவில்லை. பட்டறையில் மறுபடியும் நங்கூரமும் வண்டி அச்சும் செய்கிறார்கள். ஏழாம் மாதிரி செய்யப்படவில்லை. சுபேதாரின் சீமை ரிவால்வர் திரும்பச் சேர்க்கப்பட்டு அவரிடமே இருக்கிறது. அதில் ஒரு திருகு குறைகிறது. நான் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் பாலங்களுக்குப் படம் வரைகிறேன். லேத்துக்காரருக்கு ஐந்தாவதாகப் பெண் குழந்தை பிறந்தது. அவர் அதே லேத்தில், இரண்டு கைகளோடும், வேலை செய்கிறார்.